பால்சுறா

சென்னன்.
எழுத்துப்பிழை இல்லை.
கார்ன்வாலில், தரை முடிந்துபோகிற இடத்துக்குச்
சற்று முன்னால் இருக்கிறது இந்தக் கரை.

மே மாதம், ஞாயிறு, காலை ஏழேகால்.
தண்ணீர் பதினொரு டிகிரி.
பிள்ளை பெற்ற நான்காம் மாதம்
மறுபடி என்னை அந்த ரப்பர் உடைக்குள் திணித்தபோது
முதுகு ஜிப் பாதியில் நின்றது.
மெரின் என் இடுப்பில் முழங்காலை ஊன்றி
மூட்டை கட்டுகிறவளைப்போல் இழுத்தாள்.

அலை சுமார்தான்.
இரண்டு தடவை நின்றேன், ஐந்து தடவை விழுந்தேன்.
பிறகு நுரைக்கு அப்பால்
பலகையின் இருபுறமும் கால் தொங்க உட்கார்ந்து
அடுத்ததற்குக் காத்திருந்தோம்.
இந்த விளையாட்டில் பெரும்பகுதி காத்திருப்பதுதான்;
அதை மட்டும் யாரும் படம் எடுப்பதில்லை.

அப்போது துடுப்பு.
கறுப்பாக, ஈரமாக, நுனி லேசாகத் துவண்டு.
அதன் பின்னால் இன்னொன்று.

“இரண்டு,” என்றேன்.
என் குரல் எனக்கே கேட்கவில்லை.
கால்களை மேலே இழுத்துக்கொண்டேன்.
இழுத்த பிறகும்
கட்டைவிரல்கள் மட்டும் தண்ணீரிலேயே
கிடப்பதாக இருந்தது வெகுநேரம்.

அந்த நேரத்தில் ஒருத்தி என்ன நினைக்க வேண்டும்?
புருஷனை, பிள்ளையை, பனிமய மாதாவை.
நான் நினைத்தது சுறாப்புட்டு.

பிப்ரவரியில் அண்ணி
ஈஸ்ட் ஹாம் கடையில் உறைந்த பால்சுறா வாங்கி
ஐந்தரை மணி நேர ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள்.
வேகவைத்து, மணலாய் உரசும் தோலை உரித்து,
பிழிந்து, உதிர்த்து,
பூண்டு மட்டும் இரண்டு கைப்பிடி.
பக்கத்து வீட்டு டென்சில் கதவைத் தட்டி
எல்லாரும் சௌக்கியம்தானே என்று கேட்டுவிட்டுப் போனார்.
போதாமல் இருந்த பால்
மூன்றாம் நாள் சேலையை நனைத்தது.

ஆக, கணக்கு இருக்கிறது.
வசூலிக்க வந்திருக்கிறார்கள்
இரண்டு பேர்,
அட்லாண்டிக் வழியாக.

“ஒன்றுதான்,” என்றாள் மெரின்.
“முன்னால் தெரிவது முதுகு, பின்னால் தெரிவது வால்.
மூக்கைப் பார், அதோ.”
ஒரே உடல் அவ்வளவு தூரம் நீண்டிருந்தது.
எங்கள் பலகைகளை முனையோடு முனை வைத்தாலும்
மிச்சம் இருக்கும்.
இவர்கள் இதை வெயில்காயும் சுறா என்கிறார்கள்.
அன்றைக்கு வெயிலே இல்லை.

திறந்த வாயோடு வந்தது.
உள்ளே வெள்ளை. கூடாரக் கம்பிகளாய் வளைவுகள்.
தொட்டிலோடு ஒரு பிள்ளையை வைக்கலாம்.
அது கடிக்கவில்லை, துரத்தவில்லை.
வாயைத் திறந்து வைத்துக்கொண்டு
கடலை உள்ளே விட்டு வெளியே விட்டு
கண்ணுக்குத் தெரியாததை மட்டும்
வடித்து எடுத்துக்கொண்டிருந்தது.
சின்னக் கண்.
என்னைப் பார்த்ததா, தெரியாது.
பார்க்காமலே போயிருக்கும் என்பதில்
கொஞ்சம் அவமானம்கூட.

நிழல் என் பலகைக்கு அடியில் ஓடி முடிந்தது.
மூச்சு விட்டேன்.
விட்ட மூச்சோடு
பால் சுரந்தது.

பதினொரு டிகிரிக் கடலில்
இரண்டே இரண்டு இடத்தில் வெதுவெதுப்பு.
வெளியேற வழியில்லாமல்
ரப்பருக்குள் வழிந்து
தொப்புளில் தேங்கியது.
சிரித்தேன். அழுதேனோ என்னவோ,
எல்லாம் உப்பாகத்தான் இருந்தது.

கார் நிற்கும் இடத்தில் கிளாட்வின்
கதறுகிற பிள்ளையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தான்.
“லேட்,” என்றான்.
மெரின் ஜிப்பை இறக்கினாள்.
என் வாடை பட்டதும்
பல் முளைக்காத வாய் திறந்தது,
முகம் முழுக்க வாயாக.

சுறா பார்த்தவர்கள் நிரப்பித் தர வேண்டிய தாள் ஒன்றை
மெரின் பானெட்டின் மேல் விரித்தாள்.
ஒரு கையில் பிள்ளை. மறு கையில் பேனா.
இடம், நேரம், நீளம், போன திசை.
எண்ணிக்கை என்ற கட்டத்தில்
இரண்டு என்று எழுதி
அடித்து
ஒன்று என்று எழுதினேன்.

விரல் ஈரத்தில் மை கசிந்து
இரண்டும் படிக்கிற மாதிரியே இருந்தது.