தொண்ணூற்றிரண்டு நாள்

சூசுடா தொழிலாளர் அலுவலகத்தின் மின்விசிறிக்கு
மூன்று இறக்கை. இரண்டுதான் இருந்தன.
அதன் கீழே சாட்சி நாற்காலி.
அதில் நான், பலாய் சாந்த்ரா,
பத்ரேஷ்வர் சணல் ஆலையின் டைம் ஆபீஸ் எழுத்தன்.
கம்பெனிப் பக்கத்துச் சாட்சி.

எதிரே ஜோகேஷ்வர் பாஸ்வான்.
நூற்புப் பிரிவு, இரவு ஷிப்ட்.
ஓய்வுபெற்றுப் பதினாறு மாதமாயிற்று.
இன்னும் புருவத்தில் சணல் தூசி இருப்பதுபோல்
தட்டித் தட்டி விட்டுக்கொண்டார்.

கேட்டு வந்தது பணிக்கொடை.
கொடையாம்.
யாரோ இரங்கிக் கொடுப்பதுபோல் ஒரு சொல்.

சட்டத்தின் கணக்கு எனக்குத் தூக்கத்திலும் வரும்:
கடைசி மாதச் சம்பளத்தை இருபத்தாறால் வகு,
பதினைந்தால் பெருக்கு, வருஷங்களால் பெருக்கு.
முப்பதால் அல்ல, இருபத்தாறால்.
ஞாயிறுகளை வகுக்கும் எண்ணிலிருந்து எடுத்துவிட்டவர் யாரோ,
ஒருநாளாவது நூற்புக்கூடத்தில் நின்றிருப்பார்.
பாஸ்வானுக்கு ஒரு நாள் ஐந்நூற்றிருபது.
ஒரு வருஷத்துக்கு ஏழாயிரத்து எண்ணூறு.

எத்தனை வருஷம் என்பதுதான் வழக்கு.
முப்பத்தொன்று என்றார் அவர்.
பத்தொன்பது என்றது பேரேடு.
பேரேட்டின் கையெழுத்து என்னுடையது.

பன்னிரண்டாம் வருஷம் அக்டோபர் பத்தில்
டோக்கன் 4417 ராஜினாமா.
தொண்ணூற்றிரண்டு நாள் கழித்து
டோக்கன் 6082, புது ஆள்,
பெயர் ஜோகேஷ்வர் பாஸ்மான்.
பழைய கணக்குத் தீர்ந்ததென்று ஒரு வவுச்சர்.
அதில் பதினெட்டாயிரம்; கைக்கு வந்தது மூவாயிரம்.
அந்த வருஷம் நூற்று நாற்பது பேருக்கு
அப்படி எழுதினேன்.
மை தீர்ந்து இரண்டு முறை பாட்டில் வாங்கிவந்தேன்.

யூனியன் வக்கீல் மல்லிகா கோராய்
ஒரு பழைய நோட்டை முன்னால் வைத்தார்.
ஆலை மருந்தகத்து நோட்டு.
செத்துப்போன கம்பவுண்டர் நிதாய் ஆடக்
வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடைத்ததாம்.
"படியுங்கள், சாந்த்ரா பாபு."

படித்தேன்.
டிசம்பர் ஒன்பது. இரவு இரண்டேகால்.
டோக்கன் 4417.
வலது கை, ஆள்காட்டி விரல், முதல் கணு இல்லை.
டிங்சர். கட்டு. டெட்டனஸ் ஊசி ஒன்று.

"வேலையை விட்டுப் போய் இரண்டு மாதமான ஒருவரின்
விரல் மட்டும் எப்படி உங்கள் எந்திரத்துக்கு வந்தது?"

தட்டச்சுக்காரர் நிறுத்திவிட்டார்.
நம்பர் மாறி எழுதியிருப்பார் என்று சொல்ல வேண்டும்.
அப்படித்தான் காலையில் சொல்லித் தந்தார்கள்.
மேனேஜர் வெளியே டீக்கடையில் காத்திருந்தார்.
எனக்கும் மார்ச்சில் ஓய்வு.
என் வருஷங்களும் அவர்களுடைய இரும்பு அலமாரியில்தான்.

பாஸ்வான் என்னைப் பார்க்கவில்லை.
மடியில் கைவைத்துக் கட்டைவிரலால்
கணு கணுவாய் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்,
வருஷத்தையோ, வட்டியையோ.
ஆள்காட்டியின் நுனி வந்ததும்
கட்டைவிரல் வெறும் காற்றைத் தொட்டது.
அதையும் ஒன்று என்று சேர்த்துக்கொண்டு
அடுத்த விரலுக்குப் போயிற்று.

அவர் வேலையில்தான் இருந்தார் என்றேன்.
அந்த அலறல் டைம் ஆபீஸ்வரை கேட்டது என்றேன்.
அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று
யாரும் கேட்கவில்லை.
வருகைப் பேரேட்டில் அவர் பெயருக்கு நேரே
சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன்.
அலறலில் கோடு கொஞ்சம் வளைந்தது.
இப்போதும் பார்க்கலாம்.

முப்பத்தொரு வருஷம். இரண்டு லட்சத்து நாற்பத்தோராயிரத்து எண்ணூறு.
தாமதத்துக்கு வட்டி தனி.
கம்பெனி மேல்முறையீடு செய்யுமாம்.
பணத்தைக் கட்டிவிட்டுத்தான் செய்ய முடியுமாம்.
பாஸ்வான் நன்றி சொல்லவில்லை.
படித்துறையில் எனக்கும் சேர்த்துப் படகு டிக்கெட் வாங்கினார்,
பிறகு தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் என் மேசையில் மாற்றல் உத்தரவு:
கோடவுனில் சாக்கு எண்ணும் வேலை.

மார்ச்சுக்கு இன்னும் நூற்றுப் பதினோரு நாள்.
சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து
கட்டைவிரலால் எண்ணிப் பார்க்கிறேன்.
எனக்கு எல்லாக் கணுவும் இருக்கிறது.