பன்னிரண்டரை வரை

டயர் மாற்றும் கடையில் நின்றபடி
வீடு வாங்கினோம்.
குளிர்காலச் சக்கரங்களை
ஸ்யூர் இறக்கிக்கொண்டிருந்தான்.
என் கையில் கைபேசி.
‘நாற்பத்தொரு லட்சம் குரோனர்.
பன்னிரண்டரை வரை செல்லும்’
என்று தட்டியபோது மணி பன்னிரண்டு.

ஹாமரில் கேட்ட விலை கேட்டதுதான்.
அனுப்பிவிட்டால் திரும்ப விழுங்க முடியாது.
முகம் தெரியாத ஒருவர் பத்தாயிரம் ஏற்றினார்.
நான் இருபத்தையாயிரம்.
அவர் ஐயாயிரம்.
அந்த ஐயாயிரத்தில்
அவருக்கு மூச்சு வாங்குவது கேட்டது.
நான் ஐம்பதாயிரம்.
கிரீஸ் கையால் என் தோளைத் தொட்டு
“போதும், குன்வோர்” என்றானாம் ஸ்யூர்.
“போடு” என்றுதான் என் காதில் விழுந்தது.

எங்கள் பழைய வீட்டு வாசலில்
இன்னும் ‘விற்பனைக்கு’ என்று யாரும் எழுதியிருக்கவில்லை.

எல்லாம் ஒரு ஜன்னலுக்காக.
அந்தச் சமையலறையில் நின்றால்
ம்யோசா ஏரி முழுக்கத் தெரியும்.
சாவி கைக்கு வந்தது டிசம்பரில்.
மூன்றரைக்கே இருட்டி
கண்ணாடியில் நான் மட்டும் தெரிந்தேன்,
கோட்டைக் கழற்றாமல்.

வங்கியில் இதற்குப் பெயர் இடைக்கடன்.
எதற்கும் எதற்கும் இடையில் என்று
அந்தப் பெண் சொல்லவில்லை.
வட்டியைச் சொன்னாள்.
நாளுக்கு ஒரு முழு சால்மன் என்று
உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான் ஸ்யூர்.
நாக்கில் வைக்காமலே
ஐம்பத்தோரு மீன் தீர்ந்துவிட்டது.

தரகர் வெப்யோர்ன் வந்தார்.
குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தங்கள்,
ஸ்யூரின் நாற்காலி,
மகன் சுவரில் கிழித்த உயரக் கோடுகள்,
எல்லாவற்றுக்கும் விடை கொடுத்தார்.
மேசை நடுவில் ஒரு தட்டு எலுமிச்சை வைத்து
“இதைத் தொடாதீர்கள்” என்றார்.
புகைப்படத்தில் அது நல்ல வீடு.
எங்களை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

வீட்டைக் காட்டும் ஞாயிறுகளில்
எதிர்த் தெருவில் காருக்குள் பதுங்கியிருப்போம்
திருட வந்தவர்கள் போல.
நீல பிளாஸ்டிக் உறை மாட்டிய கால்களை எண்ணுவோம்.
ஒரு ஞாயிறு எட்டுக் கால்கள்.
அதில் நான்கு
பதினெட்டு வருடமாய் எங்கள் குளியலறையைப் பார்க்கக் காத்திருந்த
பக்கத்து வீட்டுக்காரர்களுடையவை.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள்.
எங்களுக்கு இரண்டு காலும் பனியில்.
குழாய் உறையாமலிருக்க அங்கேயும் அடுப்பு எரிய வேண்டும்,
தபால்காரர் வழுக்காமலிருக்க அங்கேயும் வாசல் வார வேண்டும்.
அவன் அங்கே போனான், நான் இங்கே.
முப்பத்தொரு வருடத்தில் முதன்முறையாக
இரண்டு வீட்டில் தூங்கினோம்.
இரவு பத்துக்கு அழைப்பான்.
“இங்கே எதுவுமே சத்தம் போடவில்லை” என்பான்,
பிறகு அதைக் கேட்டுக்கொண்டு
இருவரும் சற்று நேரம் சும்மா இருப்போம்.

அந்த ஐயாயிரக்காரரை நினைத்துக்கொள்வேன்.
ஒரே வாசலை வாரிவிட்டு
இந்நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார், பாவி.

இன்று வெப்யோர்ன் அழைத்தார்.
“ஒருவர் விலை கேட்டிருக்கிறார்.”
உட்கார்ந்தேன்.
“முப்பது லட்சம்.”
எழுந்தேன்.
“ஒரு நிபந்தனை:
அவர்கள் குடியிருப்பை முதலில் விற்க வேண்டும்.
பன்னிரண்டரை வரை செல்லும்.”

சிரித்துவிட்டேன்.
மறுமுனையில் அவர் காத்திருந்தார்.
எங்கோ ஒரு கடையில்
யாரோ ஒருத்தி கைபேசியை இறுகப் பிடித்து
வெளிறிப்போய் நிற்கிறாள்.
அவளை எனக்குத் தெரியும்.
ஆனால் நாளுக்கு ஒரு மீனையும் தெரியும்.

ஸ்யூரை அழைத்தேன்.
பனி வாரிக்கொண்டே எடுத்தான்.
எல்லாம் சொன்னேன். மூச்சிரைத்தான்.
“போ…” என்றான்.
மண்வாரி கல்லில் உரசி
மிச்சத்தைத் தின்றுவிட்டது.

மணி பன்னிரண்டு பதினெட்டு.
தேநீருக்காவது ஆகட்டும் என்று
தட்டிலிருந்து ஓர் எலுமிச்சையை எடுத்தேன்.
கத்தி இறங்கவில்லை.