ஒரு கண்ணி மட்டும் புதிது

சுங்கை பக்காப் பக்கம் செம்பனைக் காட்டுக்குள்
வயிறுவரை மண்ணில் புதைந்து கிடந்தது.
தோட்டத்து ஆட்கள் அதைத்
தண்ணீர்த் தொட்டி என்றே நினைத்திருந்தார்கள்.
பிரென் கேரியர் என்றான் ஹாஜா மைதீன்,
பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து வந்துவிடும் என்பதுபோல.
மேல்மூடி கிடையாது, பீரங்கி கிடையாது.
டாங்கி என்றால் அவனுக்குக் கோபம் வரும்.
டாங்கி என்று சொல்லாவிட்டால்
யாரும் பார்க்க வருவதில்லை.

மூவாயிரத்து இருநூறு வெள்ளி.
இழுத்துவரும் லோரிக்குத் தனி.

பிறையில் என் தம்பியின் ஸ்பிரிங் பட்டறைக்குப் பின்னால்
நான்கு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அது தின்றது.
நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள்.
வாரம் முழுக்க நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து
கொள்கலன்களின் உச்சந்தலையைப் பார்க்கிறவள்.
ஞாயிறானால் மல்லாந்து படுத்து,
கறுத்த கிரீஸ் நெற்றியில் சொட்ட,
ஓர் இரும்பின் அடிவயிற்றைப் பார்த்தேன்.
இரண்டுக்கும் நடுவில் இருக்கிற உலகம்
எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

எட்டு சிலிண்டரில் ஐந்து இறுகிப்போயிருந்தன.
டீசல் ஊற்றி ஊறவைத்தோம்.
கொண்டைக்கடலை மாதிரி ஒருநாள் இளகும் என்றான்.
பதினோரு வாரம் இளகவில்லை.
பன்னிரண்டாவதில், மரக்கட்டையை வைத்து நான் தட்டியபோது
தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம்.
அன்றைக்கு நாசி கண்டார் அவன் செலவு.

வலப்பக்கத் தகட்டில்
சுண்டுவிரல் நுழையும் ஓர் ஓட்டை.
துளைத்தது குண்டா, குழாய் விட யாரோ போட்ட துளையா,
தெரியாது.
அடைக்க வேண்டாம் என்றேன்.
கோப்பிப் பொட்டலத்தின் கயிற்றை
இப்போது அதில்தான் மாட்டுகிறோம்.

சங்கிலிக்குப் பக்கத்துக்கு நூற்றெழுபது சொச்சம் கண்ணி.
இடப்பக்கம் ஒன்று குறைந்தது. ஒன்றே ஒன்று.
வெளிநாட்டுக்காரர் இருபதாகத்தான் விற்பாராம்.
மாக் மண்டினில் கப்பல் சாமான் வார்க்கும்
ஊய் சின் லியோங்கிடம் போனோம்.
பழைய கண்ணியை உள்ளங்கையில் எடை பார்த்தார்.
எதற்கு என்றார். ஓட்ட என்றோம்.
எங்கே என்றார்.
அதற்கு இருவரிடமும் பதில் இல்லை.
வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார்.
காசு வாங்கவில்லை.
அப்போதே உறுத்தியிருக்க வேண்டும்.

சாலையில் விடமாட்டார்கள்.
கம்பி வேலிக்கு அப்பால்
வீடு கட்ட நிரப்பி, கட்டாமல் விட்ட செம்மண் வெளி.
முதல்நாள் ராத்திரி மழை.
கிளட்சை விட்டேன்.
தரை அசைந்ததா தெரியாது, என் கடைவாய்ப்பல் அசைந்தது.
ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினால்
சங்கிலியே வில்லாய் வளைந்து திரும்புகிறது.
இன்னும் திருப்பினால் ஒரு பக்கம் அடம்பிடித்து நிற்க
மறுபக்கம் அதைச் சுற்றி ஓடுகிறது.
தொழிலாளர் விடுதியின் மூன்று மாடியிலும்
கைப்பேசிகள் நீண்டன.
நாய்கள் துரத்தி வந்து, யோசித்து, திரும்பிப் போயின.
நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று
எஞ்சினுக்குத்தான் தெரியும்.
தூக்க ஒரு பெட்டியில்லை,
இறக்க ஓர் இடமில்லை,
காதில் உத்தரவு சொல்ல ஆளில்லை.

ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் இடப்பக்கம்
ஒரு டிங்.
கடகடப்புக்கு நடுவே
கரண்டி பட்ட கிண்ணம்போல்
அந்தப் புதுக் கண்ணி.

நிறுத்தியதும் ஹாஜா இறங்கித்
தடத்தைப் பார்த்தபடி நடந்தான்.
பிறகு குந்தி உட்கார்ந்தான். பிறகு
என்னைக் கூப்பிட்டான், கெட்ட வார்த்தை சேர்த்து.
ஈரச் செம்மண்ணில் ஏணிபோல் தடம்,
இருபத்தைந்து அடிக்கு ஒரு படி மட்டும் வேறு:
ஊய் வார்ப்படம், கீழே தொலைபேசி எண்.
நேராகப் படிக்க முடிந்தது.
மண்ணில் சரியாக விழட்டும் என்று
இரும்பில் திருப்பி வெட்டியிருக்கிறார் மனுஷன்.
மாட்டியபோது கிரீஸ் அப்பியிருந்தது,
வார்ப்பின் சொரசொரப்பு என்று நினைத்துவிட்டோம்.

வெளி முழுக்க, வளைவுகளிலும்,
சாக்கடை ஓரத்திலும், நாய்க்காலடி மேலும்
அவர் கடை விளம்பரம்.

தரையைப் பார்த்தே எண்ணை அழுத்தினேன்.
இரண்டாவது மணியில் எடுத்தார்.
அச்சு தெளிவாக விழுந்ததா என்றார்.
எட்டு மட்டும் சேறடைத்துவிட்டது என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார்.

வேகத்தைக் குறை என்றார்.