தோண்டாமல் இருப்பது

மேயர் மண்ணுக்குள் போய்
இன்றோடு நாற்பத்தொரு நாள்.

விலை ஏழு டாலர்.
வைல்ட்வுட் கடற்கரைப் பலகை நடைபாதையில்
என் மைத்துனன் கேலிக்காக வாங்கி வந்தது.
முதுகோட்டில் ஒரு கால்பந்து அணியின்
தலைக்கவசம் வரைந்திருந்தார்கள்.
நகத்தால் சுரண்டினால் சாயம் உதிர்ந்தது.
உதிர்ந்ததையெல்லாம் அது தின்றிருந்தது.

கம்பிக் கூண்டு, காய்ந்த பஞ்சு,
கைப்பிடி வண்ணக் கூழாங்கல்.
கடைக்காரன் கொடுத்தனுப்பிய சீதனம் அவ்வளவே.
"அப்பப்போ தண்ணி தெளிச்சா போதும்" என்றானாம்.

போதாது.
செவுளால் மூச்சுவிடுகிற ஜீவன்.
காற்று காய்ந்தால்
கரையிலேயே மூழ்கிப்போகும்.

துறவி நண்டு என்கிறார்கள்.
எந்தத் துறவி
ஐந்து காலி ஓடுகளை எதிரே பரப்பி
வாசல் வாசலாகக் கொடுக்கால் அளந்து
குடிபோய், பிடிக்காமல்,
பழைய வீட்டுக்கே திரும்புவான்?
வீடுபேறு இதற்கு
வருடத்தில் மூன்று தடவை.

கீழ்வீட்டு ஓடெல்
நிலவறையிலிருந்து பழைய மீன்தொட்டியைத் தூக்கி வந்தார்.
பௌலிங் கூடத்தில் முப்பது வருடம்
அடுத்தவர் செருப்பை வாங்கி வைத்த மனிதர்;
அளவு பார்த்து ஓடு எடுத்துக் கொடுப்பதில்
அவரை மிஞ்ச ஆளில்லை.
மணலை உப்புநீரில் பிசைந்தோம்,
கோட்டை கட்டினால் நிற்கிற பதத்துக்கு.
கிண்ணம் இரண்டு: ஒன்றில் நல்ல தண்ணீர்,
ஒன்றில் கடலுப்புத் தண்ணீர்.
இரண்டிலும் குளோரின் வாடையே கூடாது.
சாப்பாட்டு உப்பைக் கொண்டுவந்த ஓடெலை
நான் திட்டியதும் உண்டு.
தனியே விட்டால் ஏங்கும் என்று படித்து
இன்னொன்றையும் வாங்கினேன்.
துணைமேயர்.

சூடு எண்பது, ஈரம் எண்பது.
வெளியே சீக்டோவாகாவில்
ஏரி பனியாக எழுந்து வந்து
தெருக்களின் மேல் உட்கார்ந்தது.

நான் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள்.
பத்தொன்பது மணி நேரம்
முன்னே தள்ளியது பின்னே விழுந்துகொண்டிருக்க
வீடு திரும்பினால், கரண்ட் இல்லை.
தொட்டியின் முள் அறுபத்தாறில்.
துணைமேயர் கதவடைத்துக் கிடந்தார்.
மேயர் இருக்கும் இடத்தில் மணல் மட்டும்.

கை போய்விட்டது, பாதி வழி.
ஒரு கரண்டி போதும்.
இருக்கிறதா இல்லையா, தெரிந்துவிடும்.

"ஹலீனா," என்றார் ஓடெல்,
இருட்டில், வாசற்படியிலிருந்து.

தோல் கழற்றுகிற நேரம்.
பழைய உடம்பை விட்டு வெளியே வந்து
பாலாடை போன்ற புது உடம்போடு
விட்ட உடம்பையே மெல்லத் தின்று
கெட்டிப்படும் வரை
யார் விரலும் படக்கூடாது.
அன்போடு தொட்டாலும் கிழியும்.

ஓடெல் தொட்டிக்குள் மூக்கை விட்டார்.
நெடுநேரம்.
"செத்திருந்தா மீன் நாறும்.
இது நனைஞ்ச மண்ணு வாசம்.
அவ்வளவுதான்."

அவர் கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்து
வெந்நீர்ப் பைகளை நிரப்பிக் கொடுக்க
தொட்டியைச் சுற்றி அடுக்கினேன்.
மேலே என் இரண்டு ரஜாய், அவருடைய ஓவர்கோட்,
என் முன்னாள் கணவன் எடுத்துப்போக மறந்த
உறங்கும் பை.
முதல்முறையாக அதற்கொரு பயன்.
பை ஆறும், மாற்றுவோம்.
முள் எழுபத்தொன்று. எழுபது. எழுபத்திரண்டு.
நாங்கள் குளிரில் பல்லடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்,
ஏழு டாலருக்காக,
அது உயிரோடிருக்கிறதா என்றுகூடத் தெரியாமல்.

மூன்றாம் நாள் கரண்ட் வந்தது.
நான் மறுபடி வண்டியில்.
ஹார்லெம் சாலையில் புதைந்த கார்களை
ஒதுக்கி ஒதுக்கிப் போகிறேன்,
உள்ளே ஆளிருக்குமோ என்று
ஒவ்வொன்றாக நின்று பார்த்து.

போனில் ஓடெலின் குரல் பதிவாகியிருந்தது.
மூச்சிரைப்பு. ஏதோ தட்டு விழும் சத்தம்.
பிறகு:

"மணல்ல ஒரு விரிசல்.
மூலையில, முட்டையோடு வெச்ச பக்கம்.
நான் தொடல."