பாலமதி அடிவாரம், வரைபடம் ஏழு

நாற்பத்திரண்டு வீடுகள் என்று தொடங்கினோம்.
முதல் மழையில்
பத்தொன்பதாம் மனை ஓடையாகிவிட்டது.
முழங்கால் நனைய நின்று சர்வேயர் பெனடிக்ட்
‘மேப்புல இல்லையே மேடம்’ என்றார்.
தண்ணி மேப் பார்த்தா வரும்?

முப்பத்தெட்டு.

வேலூர் வெயிலுக்கு மேற்கே ஜன்னல் ஆகாது;
குளியலறை, படிக்கட்டு, பரண் எல்லாம் அந்தப் பக்கம்.
பாறைக்கு வெடி வைக்காமல்
தூண்களை அதன் தோளில் ஏற்றினேன்.
ஓர் உசில மரத்துக்காக
சாலை இடுப்பை ஒடித்துக்கொண்டது.

முப்பத்தொன்று.

‘இப்படியே போனா மலைதாம்மா மிஞ்சும்’
என்கிறார் பணம் போட்ட குலாம் தஸ்தகீர்.
அவர் சிரிக்கவில்லை. நானும்.

சத்துவாச்சாரியில் வாடகை மாடி,
ஃபேன் அனலைக் கிண்டிக்கொண்டிருக்க
ரப்பரோடு உட்கார்ந்திருக்கிறேன்.
இருப்பதிலேயே பசுமையான வீடு
கட்டாத வீடுதான்.
தெரியும்.
அதற்கு யாரும் ஃபீஸ் தருவதில்லை,
எனக்கும் இ.எம்.ஐ. இருக்கிறது.

காலையில் போனால்
இருபத்தாறாம் மனையின் முளைக்குச்சி சாய்ந்து கிடக்கிறது.
பக்கத்தில் புது மண்,
அகலமான வளை,
கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு முள்.

பெனடிக்டிடம் சொல்லத் திரும்பினேன்.
அதற்குள் அவர்
எண்ணை அடித்துவிட்டு
பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.