திருத்தம்

சென்ற வெள்ளிக்கிழமை நம் தாளில் வந்த பிழைகள் இவை.
கீழக்கரையில் முக்குரோட்டிலிருந்து கடல்வரை
நூற்றுநாற்பது பேர் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.
பிழைக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்,
அதனால் சொல்லியாக வேண்டும்.

முதல் பக்கத்தில்
'ஞாயிறு காலை குடிநீர் வரும்' என்று போட்டிருந்தோம்.
வரவில்லை.
சனி இரவே குடங்கள் குழாயடிக்கு வந்துவிட்டன.
பச்சை, நீலம், கழுத்து நெளிந்த ஒரு ஆரஞ்சு,
குடம் போதாதவர்கள் இடம்பிடித்த செங்கல்,
ஒரு ஒற்றைச் செருப்பு.
செருப்பு ஜெய்லானி பீவியுடையது.
திங்கள் மதியம்வரை அதை அவர் எடுக்கவில்லை;
எடுத்தால் வரிசை போய்விடும்.
யார் சொல்லி எழுதினீர்கள் என்று கேட்டார்,
வெறுங்காலைத் தூக்கிக் காட்டி.
வால்வு திறக்கும் கருமலை சொன்னார்.
கருமலைக்கு யார் சொன்னார்கள் என்று
நாங்கள் கேட்கவில்லை.

அதே பக்கத்தின் மூலையில், மழை: நான்கு மில்லிமீட்டர்.
பள்ளிக்கூட மாடியில் மழைமானிக்குள்
சத்துணவு முடித்த பிள்ளை ஒருத்தி கைகழுவியிருக்கிறாள்.
சரியான அளவு: இல்லை.

ஐஸ் கம்பெனிச் சுவரில் படம் வரைந்தவர்
அருளப்பன் அல்ல, அருள்சீலி.
வள்ளத்துக்குப் பேர் எழுதுகிறவர் என்றதும்
ஆண் என்று நாங்களே முடிவுசெய்துவிட்டோம்.
தவிர, அந்தப் படத்தில்
'கரையேறிவிட்ட கடல்பசுவின் துயரம்' என்று
எங்கள் கலை விமர்சகர் கண்கலங்கி எழுதியது
கடல்பசு அல்ல.
தண்ணீர் லாரி.
சாம்பல் நிறம், பருத்த வயிறு, பின்பக்கம் கசிவு;
யாருக்கும் குழம்பும் என்கிறார் விமர்சகர்.
சக்கரம் இருந்ததே என்கிறார் அருள்சீலி.

தொதலுக்கு நான்கு தேங்காய் என்று வந்ததைப்
பதினான்கு என்று படிக்கவும்.
இரண்டு எழுத்து விழுந்ததில்
மூன்று வீடுகளில் சட்டியோடு கரண்டி நின்றுவிட்டது.
அதில் ஒரு வீட்டில் மறுநாள் நிச்சயதார்த்தம்.
மாப்பிள்ளை வீட்டார் பல்லுக்கு எதுவும் ஆகவில்லை.
வருந்துகிறோம்.

இனி நான்காம் பக்கம். அது நான் எழுதியது.
'நம் ஊர் ஒரு பாலைவனம்' என்று தொடங்கி
உடைமரம், உப்பு, வெயில் என்று
இரண்டு பத்தி இழுத்திருந்தேன்.
செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம்:
"பாலைவனத்தில் நான் இருபத்திரண்டு வருடம் இருந்தேன்.
அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும்.
ராத்திரி மூன்று மணிக்கும் வரும்.
எழுதுமுன் போய்ப் பார்த்துவிட்டு வரவும்.
இப்படிக்கு, செய்யது உபைதுல்லா, ஷார்ஜாவிலிருந்து திரும்பியவன்."

ஷார்ஜா தூரம். அவர் வீடு பக்கம்.
போனேன்.
அரபு எழுத்துப் போட்ட பெட்டிகள்மேல் நீல டிரம்கள்,
ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் தேதி.
கோபமாக எதுவும் சொல்லவில்லை. டீ வந்தது.
"லாரித் தண்ணி," என்றார்,
விருந்தாளிக்கென்று வைத்திருக்கும் குரலில்.
அவர் குடித்தது வேறு கெட்டிலிலிருந்து.
கிணற்றுத் தண்ணியில் போட்ட டீயின் மேல்
படியும் அந்த வெள்ளை ஆடையைப்
பார்க்காததுபோல் என் டம்ளரைக் காலிசெய்தேன்.

எனவே 'பாலைவனம்' நீக்கப்படுகிறது.
அந்த இடத்தில் எந்தச் சொல்லைப் போட என்று
டைப் அடிக்கும் காஜா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இந்த வாரம்: வியாழக்கிழமை வரும் என்று
கருமலை சொல்கிறார்.
சொல்கிறார், அவ்வளவுதான்.

கடைசியாக,
ஐஸ் கம்பெனிச் சுவரில் அருள்சீலியின் லாரி
கசிகிற இடத்துக்கு நேர் கீழே
யாரோ ஒரு குடம் வைத்திருப்பதாகத் தகவல்.
இதை மட்டும் போய்ப் பார்த்தேன்.
குடம் படமல்ல.
கழுத்து நெளிந்த ஆரஞ்சு.