ஓர் இரவுக்கு முந்நூற்று இருபது

பட்டியலில் முதலில் எழுதியது
இருதயராஜின் மூச்சை.
நாற்பது வாட், எட்டு மணி நேரம்:
ஓர் இரவுக்கு முந்நூற்று இருபது.
பிறகுதான் மின்விசிறி, குட்டி ஃப்ரிட்ஜ்,
இரண்டு போன், படிக்க ஒரு விளக்கு.
கிரைண்டர் என்று நான் எழுதியதை
அவர் பென்சிலால் அடித்தார்.
மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தார்.
மாவு டப்பாவில் வரும் என்று
சமாதானம் ஆனது.

ட்ரெய்லர் ஏலத்தில் எடுத்தது,
ஏதோ ஆஸ்பத்திரியின் ரத்ததான வண்டி.
மூன்று பூச்சு வெள்ளை அடித்தும்
பக்கவாட்டில் அந்தச் சிவப்புத் துளி
லேசாக மேலே வந்துவிடுகிறது.

எஸ்.பி. ரோட்டில் மூன்று சனிக்கிழமைகள்.
முதல் கடைக்காரர் ட்யூபுலர் பேட்டரியைத் தட்டி
"யானை மாதிரி மேடம்" என்றார்.
யானைதான், எடையிலும். எங்கள் கார் இழுக்காது.
அடுத்த கடையில் லித்தியம்.
விலை கேட்டோம். எதிரே போய்
கரும்புச்சாறு குடித்துவிட்டு வந்து மறுபடி கேட்டோம்.
அதே விலை.
சித்தலிங்கையா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
யாருக்கு, எதற்கு என்று கன்னடத்தில் கேட்டார்.
மூச்சு இயந்திரம் என்றதும்
கால்குலேட்டரைத் தள்ளிவைத்தார்.
"மூணு நாள் மழை விடலேன்னா?"

அந்த வரி எங்கள் பட்டியலில் இல்லை.

கூரையில் முதல் துளை.
ட்ரில்லைப் பிடித்தபடி இம்தியாஸ்
காதுகுத்தில் ஆசாரி கேட்பதுபோல்
"குத்தட்டுமா அக்கா?" என்றான்.
நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.
எட்டுத் துளை, இரண்டு பலகை.
கையுறை கிழிந்து என் சுண்டுவிரலில் ஒட்டிய சீலன்ட்
ஞாயிறு பூசையில் நன்மை வாங்கும்போதும் போகவில்லை.
சிவப்பும் கருப்பும் மாறி
ஃப்யூஸ் ஒன்று டப்பென்று போனது.
"அதுக்குத்தானே அது இருக்கு" என்றார் இவர்,
மேஜைக்கு அடியில் பதுங்கியபடி.

லிங்கராஜபுரத்தில் இருபத்தாறு வருஷம்
நிழல் தேடித்தான் வண்டி நிறுத்தினோம்.
இந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்ததே
வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்துக்காக.
இப்போது அதன் ஒரு கிளை,
கைக்குட்டையளவு நிழல்,
பலகைமேல் பட்டால் எண் பாதியாகிறது.
தள்ளித் தள்ளி
எதிரே குல்கர்ணி வீட்டு கேட் பக்கம் நிறுத்தினோம்,
தெருவில் மரமில்லாத ஒரே இடம்.
அந்தம்மா திட்டியது நியாயம்தான்.
நிழலின் அருமை வெயிலில் தெரியும்.
வெயிலின் அருமைக்கு
யாரும் பழமொழி சொல்லிவைக்கவில்லை.

ஊருக்குப் புறப்படுமுன்
தெருவிலேயே நாலு நாள் ஒத்திகை.
ஜூலை. பிழியாத துண்டுபோல வானம்.
திங்கள் காலை எண்பத்தொன்று.
செவ்வாய் ஐம்பத்தெட்டு.
புதன் இரவு நாற்பத்தாறில் படுத்தோம்.
ஃப்ரிட்ஜை அணைத்து
மாவை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தேன்.
விசிறி வேண்டாம், குளிர்தான்.

முகமூடிக்குள் தூங்குகிறார்.
இயந்திரம் வருமுன்,
அவர் மூச்சு நின்ற இடைவெளியில்
ஒன்று, இரண்டு, மூன்று என்று
எண்ணிக் கிடந்திருக்கிறேன்.
ஒருமுறை முப்பத்தெட்டு வரை.
இப்போது கீழ்நோக்கி எண்ணுகிறேன்.
மூன்று மணிக்கு முப்பது.
இருபத்தொன்பது.
வீடு இருபதடியில் இருக்கிறது,
கட்டிலுக்குப் பக்கத்தில் ப்ளக் பாயின்ட்.
தோளைத் தொட்டால் போதும்.
தொடவில்லை.

ஆறேகாலுக்கும் தூறல் விடவில்லை.
சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியாத வெளிச்சம்.
திரையில் 0.4 ஆம்பியர்.
கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன்.
0.4.
குடை பிடிக்காமல் ஏணியில் ஏறி
காற்று கொண்டுவந்து ஒட்டியிருந்த இலைகளை
வீட்டுத் துடைப்பத்தால் தள்ளினேன்,
சத்தம் கேட்டு அவர் விழித்துவிடாமல்.